முறையீடு கேட்கப்படாத இடத்தில்: வேலூர் 1806 நமக்குச் சொல்வது

(சுதந்திர தினத்தன்று இண்டூரில் கொடியேற்றத்திற்குப் பின் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற வாரம் கொடிக்கம்பத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தபோது மதரஸா மாணவர் ஒருவர் வந்து கேட்டார்: “செக்ரட்டரி பாய், சுதந்திரப் போராட்டம் எல்லாம் டெல்லியிலும் கல்கத்தாவிலும்தானே நடந்தது? நம்ம பக்கம் என்ன நடந்தது?” நல்ல கேள்வி. வெயிலில் நின்றபடி அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டோம். அந்தப் பிள்ளைக்கு இன்று முழுதாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறோம். அவரும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், மாஷா அல்லாஹ்.

நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய இந்தப் பகுதிக்கு அன்று பாராமகால் என்று பெயர். பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட நாடு என்பதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஹைதர் அலியும் அவருக்குப் பின் திப்பு சுல்தானும் இதை ஆண்டார்கள். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சில், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். அந்தப் பணத்துக்குப் பிணையாகத் தம் சிறு பிள்ளைகள் இருவரைக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். பாராமகால் அப்போதுதான் கம்பெனியின் கைக்குப் போனது.

அந்த உடன்படிக்கையைச் செய்துகொண்ட கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு. அவருடைய பழைய கதையையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1781இல் அமெரிக்காவில் யார்க்டவுன் என்ற இடத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் படையிடம் தோற்றுச் சரணடைந்த ஆங்கிலத் தளபதி இவர்தான். அமெரிக்கக் குடியேற்றக்காரர்களும் எடுத்த எடுப்பில் துப்பாக்கி தூக்கியவர்கள் அல்லர். தங்களைக் கேட்காமல் போட்ட வரிகளை எதிர்த்து வருடக்கணக்கில் மனு எழுதினார்கள். 1775இல் கடைசியாக ஒரு சமாதான மனுவை மன்னருக்கு அனுப்பினார்கள். மன்னர் அதை வாங்கவே மறுத்தார். மறு வருடமே அவர்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கதை நம் பக்கமும் வரப்போகிறது.

பாராமகாலை நிர்வகிக்கக் கம்பெனி அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பியது. அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னராகி, இன்றும் சென்னையில் குதிரை மேல் சிலையாக நிற்கிறாரே, அவர்தான். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இந்தப் பகுதியில் வேலை செய்தார். தருமபுரியில் குடியிருந்தார். நிலங்களை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் ஒவ்வொரு விவசாயியிடமும் நேராகப் பண வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு வித்து விழுந்தது நம் பக்கத்து வயல்களில்தான்.

மன்றோவைப் பற்றி நீதியாகப் பேச வேண்டும். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் குடியானவர்களின் குறைகளைக் கேட்டவர் அவர். பின்னாளில் அவர் கலெக்டராக இருந்த கடப்பை, அனந்தப்பூர் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். குறை கேட்பவரை மக்கள் மறப்பதில்லை. அதே சமயம், கேட்டவர் நல்லவர் என்பதால் ஆட்சி நல்லதாகிவிடாது. மழை பொய்த்தாலும் வரி பணமாகத்தான் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று சொல்ல இந்த மண்ணில் ஒருவருக்கும் உரிமை இல்லை. இந்த நாட்டு மக்களை உயர்ந்த பதவி எதற்கும் வர விடாமல் வைத்திருப்பது அவர்களைத் தாழ்த்திவிடும் என்று மன்றோவே பிற்காலத்தில் தம் அரசுக்கு எழுதினார். அதற்கும் அவர் காலத்தில் பலன் இல்லை.

திப்புவின் ஆட்சியிலும் வரி இருந்தது, கடுமையும் இருந்தது. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆட்சி கைமாறியபோது அவரிடம் வேலை செய்த சிப்பாய், குதிரை லாயக்காரர், ஆயுதம் செய்த கொல்லர், கணக்கு எழுதிய முன்ஷி என்று எத்தனையோ பேர் பிழைப்பை இழந்தார்கள் என்பதும் உண்மை.

1799 மே 4ஆம் தேதி திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போர்க்களத்திலேயே ஷஹீதானார். அதே ஆண்டு அக்டோபரில் தெற்கே கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். இந்தத் திருப்பத்தூர் நமக்கு அருகில் இருப்பது இல்லை, சிவகங்கைச் சீமையில் இருப்பது. பாளையங்கள் ஒழிந்தன. வேலை இழந்த படைவீரர்கள் வேறு வழியின்றிக் கம்பெனிப் படையிலேயே சேர்ந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காக எதிரியிடமே சம்பளம் வாங்கிய அந்த மனிதர்களின் நெஞ்சில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் கம்பெனி வேலூர்க் கோட்டைக்குள் குடிவைத்தது. காவலுக்கு நின்றவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் நம் நாட்டுச் சிப்பாய்களும். நம் நாட்டுச் சிப்பாய் எத்தனை வருடம் உழைத்தாலும் எட்டக்கூடிய பெரிய பதவி சுபேதார். நரைத்த தாடியுடைய அந்த சுபேதாருக்கு மேலே, கப்பலிலிருந்து நேற்று இறங்கிய மீசை முளைக்காத வெள்ளைக்காரப் பையன் அதிகாரியாக இருப்பான்.

இப்படிப் பல காலமாகச் சேர்ந்திருந்த மனக்குறையின் மேல்தான் அந்த உத்தரவு வந்து விழுந்தது. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக். கவர்னர் வில்லியம் பெண்டிங்க். புதிய படை விதிகளின்படி, சீருடையில் இருக்கும்போது சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, காதணி போடக்கூடாது, தாடையை மழித்திருக்க வேண்டும், மீசை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதோடு ஒரு புதிய தலைப்பாகை. பார்க்க வெள்ளைக்காரர் தொப்பி போல இருந்தது. அதில் தோலால் ஆன ஒரு குஞ்சமும் வைத்திருந்தார்கள். அது மாட்டுத்தோலா பன்றித்தோலா என்ற பேச்சு படைவீடு முழுக்கப் பரவியது.

சகோதரர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். நெற்றிக்குறி இந்துச் சகோதரனுடையது, தாடி முஸ்லிமுடையது. தோல் விஷயத்தில் இருவருக்குமே மனவேதனை. அந்தத் தொப்பியோடு வீட்டுக்குப் போனால் சொந்தக்காரர்களே ஒதுக்கிவிடுவார்கள் என்று இருவரும் பயந்தார்கள். ஒரே உத்தரவு எல்லோரையும் ஒரே இடத்தில் சுட்டது.

அவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? 1806 மே மாதம், வேலூரில் இருந்த 4ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தார் இந்தத் தலைப்பாகையைப் போட்டுக்கொள்ள மாட்டோம் என்று சொன்னார்கள். யாரையும் கொல்லவில்லை. மறுத்தார்கள், அவ்வளவுதான். பதில் என்ன வந்தது? விசாரணை நடத்தி, முன்னின்றதாகச் சொல்லி ஒரு முஸ்லிமுக்கும் ஒரு இந்துவுக்கும் ஆளுக்கு 900 கசையடி விதித்தார்கள். இன்னும் 19 பேருக்கு 500 கசையடி என்று தீர்ப்பானது. மன்னிப்புக் கேட்டதால் அவர்களை விட்டார்கள். உத்தரவு அப்படியே நின்றது.

அடுத்த மாதம் இன்னொன்று நடந்தது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தம் அதிகாரியிடம் போய், கோட்டைக்குள் ஒரு கிளர்ச்சிக்குத் திட்டம் நடக்கிறது என்று சொன்னார். அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? யார் மேல் புகாரோ அந்தப் படைப்பிரிவின் இந்திய அதிகாரிகளையே கூட்டி விசாரிக்கச் சொன்னார். அவர்கள், “இவனுக்குப் பைத்தியம்” என்றார்கள். முஸ்தபா பேக் சிறையில் அடைக்கப்பட்டார். வாய் திறந்து மறுத்தவனுக்குக் கசையடி. எச்சரித்தவனுக்கு விலங்கு. கம்பெனி தன் இரண்டு காதுகளையும் தானே அடைத்துக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு அதே முஸ்தபா பேக்கைத் தேடி வெகுமதி கொடுத்தார்கள்.

1806 ஜூலை 10, விடியற்காலை. ஃபஜ்ருக்கு முந்தைய இருட்டு. அன்று அணிவகுப்பு என்பதால் சிப்பாய்கள் கோட்டைக்குள்ளேயே தங்கியிருந்தார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். சுபேதார்கள் ஷேக் ஆதம், ஷேக் ஹமீது, ஜமேதார்கள் ஷேக் ஹுசைன், ஷேக் காசிம் ஆகிய பெயர்கள் தலைவர்கள் பட்டியலில் வருகின்றன. அவர்களோடு தோள் சேர்ந்து நின்றவர்களில் தென் பாளையங்களைச் சேர்ந்த இந்துச் சிப்பாய்கள் பலர். மைசூரின் புலிக்கொடி கோட்டை மேல் ஏறியது. திப்புவின் மூத்த மகன் ஃபதே ஹைதரை அரசராகக் கொண்டார்கள்.

சில மணி நேரம்தான். கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு ஆங்கில அதிகாரி அனுப்பிய செய்தி, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆற்காட்டுக்குப் போனது. அங்கிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். பின்னால் பீரங்கிகள் வந்தன. காலை முடிவதற்குள் கோட்டை மீண்டும் கம்பெனியின் கையில். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து, சுவரோரம் நிறுத்தி, விசாரணையே இல்லாமல் சுட்டார்கள். அன்று மாண்ட சிப்பாய்கள் 350 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 800 வரை சொல்பவர்களும் உண்டு. பிறகு நடந்த விசாரணையில் 6 பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள். 5 பேர் சுடப்பட்டார்கள். 8 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 5 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். கிளர்ச்சியைத் திப்புவின் மக்கள்தான் நடத்தினார்கள் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்காதபோதும் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அன்றைய இரவில் வெள்ளைக்காரர் தரப்பில் ஏறத்தாழ 130 பேர் இறந்தார்கள். பலர் தூக்கத்தில் கொல்லப்பட்டவர்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. போரில்கூட நோயாளியை, ஆயுதம் இல்லாதவரைத் தொடக்கூடாது என்று நம் மார்க்கம் கற்றுத் தருகிறது. அந்தச் சிப்பாய்களின் குறை நியாயமானது, அவர்களின் துணிவு பெரியது. ஆஸ்பத்திரியில் நடந்தது தவறு. இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். வெறும் புகழ்ச்சியாக ஒரு வீடியோவும், வெறும் பழியாக ஒரு வீடியோவும் பிள்ளைகளின் போனுக்கு வருகின்றன. இரண்டும் பாதி உண்மை. பாதி உண்மை கோபத்தைத்தான் வளர்க்கும்.

இவ்வளவு ரத்தம் சிந்திய பிறகு என்ன நடந்தது? அந்தத் தலைப்பாகை உத்தரவு ரத்தானது. பெண்டிங்கும் கிராடக்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அதாவது, மே மாதம் அந்தச் சிப்பாய்கள் கேட்டது ஜூலைக்குப் பிறகு கொடுக்கப்பட்டது. ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதி மே மாதத்திலேயே கொடுத்திருக்கலாம். நூற்றுக்கணக்கான தாய்மார்கள் பிள்ளைகளை இழந்திருக்க மாட்டார்கள், இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும்.

கம்பெனி பாடம் படித்ததா? 51 ஆண்டுகள் கழித்து மீரட்டில் அதுவே நடந்தது. கொழுப்புத் தடவிய தோட்டா என்ற சந்தேகத்தால் அதைத் தொட மறுத்த 85 குதிரைப்படை வீரர்களுக்குக் கடுங்காவல் விதித்து, 1857 மே 9ஆம் தேதி எல்லோர் முன்னிலையிலும் விலங்கிட்டார்கள். அவர்களிலும் முஸ்லிம்களும் இந்துக்களும் சேர்ந்தே இருந்தார்கள். மறுநாள் மே 10, வடநாடு பற்றி எரிந்தது. அமெரிக்காவில் மன்னர் மனுவை வாங்கவில்லை. வேலூரில் கசையடி கொடுத்தார்கள். மீரட்டில் விலங்கிட்டார்கள். மூன்று இடத்திலும் மக்கள் முதலில் வாயால்தான் கேட்டார்கள்.

வறுமை மட்டும் புரட்சியைக் கொண்டுவருவதில்லை. வரி, வேலையின்மை, அவமானம் எல்லாம் வருடக்கணக்காகச் சேரும். மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். “எங்களைக் கேளுங்கள்” என்று சொன்ன பிறகும் கேட்காமல், கேட்டதற்கே தண்டித்தால் அன்றோடு பொறுமை முடியும். வேலூரும் மீரட்டும் தோற்றன. ஆனாலும் இந்த மண்ணை ஆள்பவர் இந்த மண்ணின் குறையைக் கேட்டே ஆக வேண்டும் என்ற எண்ணம் சாகவில்லை. நம் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் அடக்கமாகியிருக்கிறாரே சுப்பிரமணிய சிவா, சிறை கொடுத்த தொழுநோயோடு, ரயிலில் ஏற்றாத நிலையிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர், அவர் வரைக்கும், அவருக்குப் பின்னும் அது வந்தது. 1947 அதன் பலன். இன்று ஒரு சாதாரண மனிதர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுத்து ரசீது வாங்குகிறாரே, அந்த ரசீதின் விலை இவ்வளவு.

தம்பி, நம் பக்கம் என்ன நடந்தது என்று கேட்டீர்களே, இதுதான். இதில் உங்கள் பங்கும் இருக்கிறது, உங்கள் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் இந்துப் பையனுடைய பங்கும் இருக்கிறது. கசையடி விதிக்கப்பட்ட இருவரில் ஒருவர் உங்கள் பக்கம், ஒருவர் அவர் பக்கம் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்மைப் பற்றி. கம்பெனியைக் குறை சொல்வது எளிது. கேட்காத காது நமக்கும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு தாய், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக நம் அறக்கட்டளையில் மனு கொடுத்தார். “அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்” என்று மூன்று கூட்டம் தள்ளினோம். பணம் இருந்தது. வக்ஃபு வேலை, கட்டட வேலை என்று மனம் வேறு பக்கம் இருந்தது. கட்டணத் தேதி முடிந்து இடம் போய்விட்டது. அந்தப் பெண் பிள்ளை இப்போது துணி தைக்கும் வேலைக்குப் போகிறாள். அந்தத் தாய் எங்களிடம் சண்டை போடவில்லை. அடுத்த முறை உதவிப் பொருள் கொடுத்தபோது வாங்க வரவில்லை, அவ்வளவுதான். அவர் வராததுதான் எங்களைத் தூங்கவிடவில்லை. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை அடுத்த கல்வியாண்டில் சேர எல்லாச் செலவும் நம் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அதனால் இன்று நிர்வாகக் குழுவின் சார்பில் மூன்று விஷயங்களை அறிவிக்கிறோம். ஒன்று, இனி வரும் ஒவ்வொரு மனுவுக்கும் எண் போட்டு, கையெழுத்திட்டு ரசீது தருவோம். இரண்டு, 15 நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் வரும். இல்லை என்றால் காரணமும் எழுதுவோம். மூன்று, நிர்வாகத்தின் மேலேயே புகார் இருந்தால் அதை நிர்வாகிகள் விசாரிக்க மாட்டார்கள். நிர்வாகத்தில் இல்லாத மூன்று பெரியவர்கள் விசாரிப்பார்கள். முஸ்தபா பேக்கின் புகாரை யார் விசாரித்தார்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? அந்தத் தவறு நம்மிடம் நடக்கக்கூடாது.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. குறை இருந்தால் டீக்கடையில் பேசிவிட்டுப் போகாதீர்கள். எழுதிக் கொடுங்கள். ஒரு முறைக்கு இரண்டு முறை வந்து கேளுங்கள். எங்களிடம் மட்டும் இல்லை, பஞ்சாயத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள். அந்தச் சிப்பாய்களுக்கு இல்லாத வழி உங்களுக்கு இருக்கிறது. வழி இருக்கும்போது அதில் நடப்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

இன்ஷா அல்லாஹ், அரையாண்டு விடுமுறையில் மாணவர்களை வேலூருக்கு அழைத்துப் போகிறோம். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பயணம். ஒரே மதிலுக்குள் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் நிற்கும் அந்தக் கோட்டையைப் பார்க்கட்டும். ஹஜ்ரத் மக்கான் பக்கம் இருக்கும் நினைவுத் தூணைப் பார்க்கட்டும். நம் பள்ளியில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் வரலாம், எந்தச் சமயமானாலும் சரி. பெயர் கொடுக்க விரும்புவோர் அலுவலகத்தில் கொடுங்கள். ரசீது உண்டு.

அநியாயத்தைச் சகித்துக்கொள்ளாத மனமும், அநியாயம் செய்யாத கையும், பிறர் குறையைக் கேட்கும் காதும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. இந்த நாட்டில் எல்லோரும் நிம்மதியாக வாழ துஆ செய்வோம். ஆமீன்.

வஸ்ஸலாம்.